காலை ஏழு மணி ராத்திரிச் சாப்பாடு

1

"அக்கா, நீ கதை எழுதறவதானே? ஒரு பொண்ணு காலையில ஒழுங்கா சாப்பிடற மாதிரி ஒண்ணு எழுதிக் கொடேன். அதைப் படிச்சாவது இவ திருந்தட்டும்."

"ரெண்டு பேரைக் காதலிக்க வைக்கவே எனக்கு முந்நூறு பக்கம் ஆகுதுடி."

"இது அதைவிடக் கஷ்டம்" என்றாள் என் தங்கை.

இந்தக் கதை அப்படித்தான், தொலைபேசியில் பிறந்தது. தங்கை மகளுக்குப் பதினாலு வயது. ஓடுகிற வேகத்தைப் பார்த்து அவளுக்கு ராக்கெட் என்று பெயர் வைத்திருக்கிறோம். வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போய் இரண்டு தடவை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தடவை உட்கார்ந்தால் சனிக்கிழமை தொடர் ஓட்டத்தில் வேறு பெண்தான் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

2

முதல் தொடக்கம்: 'இளஞ்சூரியன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, தட்டில் இருந்த ஆப்பிளை...' (வேண்டாம். ராக்கெட் இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவாள்.)

இரண்டாவது: 'காலை உணவு மூளைக்கு...' (தங்கை இதைத் தினமும் சொல்கிறாள். பலனைத்தான் பார்க்கிறோமே.)

மூன்றாவதில் மேஜை மேல் பாலும் ரொட்டியும் பழமும் வைத்து, அம்மாவையும் மகளையும் எதிரெதிரே உட்காரவைத்தேன். இரண்டு பக்கத்துக்கு முறைத்துக்கொண்டே இருந்தார்கள். கதை நகரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கே போய் இறங்கிவிட்டேன்.

3

மறுநாள் காலை, நான் கதையில் சேர்க்காத ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். என் தங்கையின் கணவர். நாளிதழ் அச்சகத்தில் இரவு வேலை. (விரலில் மை, கண்ணில் தூக்கம். அவர் சாப்பிடப்போவது ராத்திரிச் சாப்பாடு. காலை உணவுக் கதையில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விட்டிருந்தேன்.)

தங்கை, ராக்கெட் முன்னால் பாலை வைத்தாள். கணவருக்கு ஆவி பறக்கச் சோறு, பருப்பு, கீரை, முட்டை. அவர் கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வந்தது. கூடவே ராக்கெட்டின் கண்ணும். பாலில் ஆடை கட்டியது.

வாசலில் அவள் காலணி மாட்டும்போது, அப்பா சாப்பாட்டின் மேல் ஆசையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆசைதான் பெரியம்மா. ஆனா ராத்திரி பூரா நின்னுட்டு வர்றாரு. அது அவர் சாப்பாடு."

மாப்பிள்ளையோ, தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது என்றார். ராக்கெட் பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருக்குமாம். ஆனால் சின்னப் பிள்ளை விடிந்ததும் சோறு சாப்பிடுமா என்று அவரே சிரித்துக்கொண்டார். தங்கையைக் கேட்கவே வேண்டாம்: காலை என்றால் பால், அவ்வளவுதான். ஒரே மேஜையில் ஒருத்தருக்கு ராத்திரி, ஒருத்திக்குக் காலை. அதைத் தாண்ட யாருக்கும் தோன்றவில்லை. கதை எழுதுகிற எனக்கும்தான்.

4

முடிவு ஒன்று: ராக்கெட் ஓடி ஜெயிக்கிறாள். (முதலில் சாப்பிட வேண்டுமே.)

முடிவு இரண்டு: தங்கையிடம் நானே போட்டு உடைத்துவிடுகிறேன். (அப்படிச் செய்தால் அது என் கதை. ராக்கெட்டுடையது ஆகாது.)

ஆகவே, ஓட்டத்துக்கு முந்தின நாள் காலையில் ஒரே ஒரு வேலை செய்தேன். மாப்பிள்ளையின் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெறும் தட்டை வைத்தேன். அது யாருக்கு என்று தங்கை கேட்டாள். மாப்பிள்ளை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

(கடைசியில் தங்கை என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கரண்டி அவள் கையில்தான் இருக்கிறது.)

ராக்கெட் பால் டம்ளரைத் தள்ளி வைத்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்மா, அப்பாவோட ராத்திரிச் சாப்பாட்டுல எனக்கும் போடேன்."