இரண்டு ஜிபிக்குள் கஜானி

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம் அழைப்பிதழும் கல்வெட்டும் வடிவமைத்துக் கொடுக்கும் உதயகலாவின் கடைக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, "நீங்கள் கதை எழுதிறனீங்கள்தானே, இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றாள். எனக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

முதல் தொடக்கம்: உதயகலா திரையை வெறித்துப் பார்த்தபடி, வெளியே— (வெட்டியாயிற்று. இப்படி வெறித்துப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.)

2.

தெல்லிப்பழைப் பரமலிங்கம் இறந்து இருபத்தேழாம் நாள். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களின் கையில் கல்வெட்டுக் கொடுத்தாக வேண்டும். அவருடைய வரலாறு, தேவாரம், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். (எங்களூர்க்காரருக்கு இந்த விளக்கம் வேண்டாம். வெளியூர் வாசகர் கல்லும் உளியும் தேடக்கூடாது. இது ஒரு சிறு புத்தகம்.)

வம்சாவளியில் கடைசிப் படத்தை வைத்ததும் உதயகலாவின் புரோகிராம் 'மெமரி போதாது' என்றுவிட்டு மூடிக்கொண்டது. மூன்று தரம். கனடாவிலிருந்து வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருந்த பரமலிங்கத்தின் மகன் மயூரதனுக்குப் பொறுமை போய்விட்டது.

"பதினாறு ஜிபி போட்டு வைச்சிருக்கிறியள். பிறகென்ன போதாதாம்?"

"மெஷினிலை இருக்குது அண்ணை. உந்தப் புரோகிராம் பழசு. அதுக்கு ரண்டு ஜிபிக்கு மேலை எடுக்கத் தெரியாது."

(அவள் சொன்னது சரி. அது எழுதப்பட்ட காலத்தில் அவ்வளவே தாராளம். புதிய விண்டோஸில் ஓட்டினாலும் அது தன் பழைய எல்லையைத் தாண்டாது. இத்தனை வருடக் கல்வெட்டுகளும் அதற்குள் கிடப்பதால் அவளால் அதை விடவும் முடியவில்லை. படங்களைச் சிறிதாக்கலாமே என்பீர்கள். மயூரதன் சம்மதிக்கவில்லை.)

"அப்ப ஒரு படம் குறைஞ்சால் சரிதானே? கஜானியின்ரையை எடுங்கோ. கேட்டால், கொம்பியூட்டர் எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லைத்தானே."

கஜானி அவருடைய தங்கை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அரியாலையில் மீன்பிடிக்கும் ஒருவரைக் கட்டியவள். அதன்பின் தகப்பன் அவளோடு கதைக்கவில்லை.

உதயகலா படத்தை எடுத்தாள். புரோகிராம் மறுபேச்சில்லாமல் வேலை செய்தது.

3.

மயூரதன் எனக்குச் சரிவரவில்லை. முதலில் அவரைக் கொடியவராக எழுதி, ஒரு மீசையும் வைத்தேன். ஆனால் போகும்போது வாசலில் நின்று அழுதாராம். "அப்பா கடைசிவரை அவளை வீட்டுக்குள்ளை எடுக்கேல்லை. அவர் கண்ணை மூடின கையோடை நான் எடுத்தால் அவரின்ரை சொல்லுக்கு என்ன மரியாதை?"

மீசையை எடுத்துவிட்டேன்.

4.

புரோகிராம் திரும்பவும் மூடிக்கொள்ளுமோ என்ற பயத்தில், அன்று பின்னேரம் உதயகலா கோப்பை இரண்டாகப் பிரித்தாள். வரலாறும் தேவாரமும் ஒன்றில், வம்சாவளி தனியாக. அச்சகத்தில் எப்படியும் சேர்த்துத்தான் கட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் இன்னும் பத்துப் படம் வைக்க இடமிருந்தது. இது காலையிலேயே தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். மயூரதன் சொல்லச் சொன்னது காலையில் பொய்யில்லை. இப்போது பொய்.

மறுநாள் கஜானி வந்தாள். அவளுடைய கணவர் உள்ளே வராமல் வீதியில் மோட்டார்சைக்கிளிலேயே இருந்தார்.

"அண்ணை சொன்னவர், என்ரை படத்தைக் கொம்பியூட்டர் எடுக்கேல்லையாம். உண்மையோ அக்கா?"

உதயகலா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்கள் ஓம் எண்டு சொன்னால் நான் நம்பிப்போடுவன். செத்தவீட்டிலையும் எல்லாருக்கும் பின்னாலை நிண்டுதான் அப்பாவைப் பாத்தனான். அதைத் தாங்கியிட்டன். அண்ணைதான் எடுக்கச் சொன்னவர் எண்டால் மட்டும் என்னாலை ஏலாது."

"பின்னேரம் வாங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்றாள் உதயகலா. பின்னேரம் ஐந்து மணிக்கு அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் கடைக்குள் நுழைந்தது பதினொரு மணிக்கு.

5.

முடிவு ஒன்று. "ஓம், எடுக்கேல்லை." கஜானிக்கு ஒரு அண்ணன் மிஞ்சுகிறார். தகப்பனின் வம்சாவளியில் அவள் இல்லை.

முடிவு இரண்டு. படத்தைத் திரும்ப வைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் அனுப்புகிறாள். முப்பத்தோராம் நாள் ஊர் முழுக்க இருக்க, மயூரதன் பக்கத்தை விரித்து— (அவர் முகத்தை ஐந்து தரம் எழுதினேன். ஐந்தும் ஒவ்வொரு மாதிரி.)

முடிவு மூன்று. கஜானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மயூரதனுக்குப் போன் எடுக்கிறாள். "அண்ணை, இப்ப இடமிருக்குது. வைக்கவோ வேண்டாமோ, நீங்கள் சொல்லுங்கோ." இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை.

அன்று எதையோ சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அதன்பின் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. வெட்கம்தான்.

திருப்பி வாசிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மோட்டார்சைக்கிளில் இருந்தவருக்கு இந்தக் கதையில் பெயரே இல்லை. உதயகலா பெயரைச் சொன்னாள், நான்தான் விட்டுவிட்டேன். பத்திரிகையில் சின்னக் கதையாகக் கேட்டிருக்கிறார்கள், இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பெயர் ஜெயசுதன். ஒரு சொல்லுக்கான இடம்தான் பிடித்தது.

எழும்பிவிட்டேன். உதயகலாவின் கதிரையில் இனி நீங்கள் இருங்கள். ஐந்து மணிக்கு முன் கஜானி வந்து உண்மையோ என்று கேட்பாள்.