ராஜா சாகும் காட்சி

என் மச்சான் மேடையில் செத்தால் ஊரே பார்க்கும். மனைவியின் அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பழைய நாடகத்தின் கடைசிக் காட்சியில் ராஜாவின் மார்பில் அம்பு பாயும். எழுதியவர் அத்தோடு ராஜாவின் கதையை முடித்திருந்தார். எங்கள் குழு அதை மேடைக்கு எடுத்தபோது மச்சான் கொஞ்சம் விரிவாக்கினார். அம்பு பட்டதும் தள்ளாடுவார். எதிரியை மன்னிப்பார். மன்னித்தது தப்பு என்று தோன்றித் திட்டுவார். அரண்மனைத் தூண்களிடம் ஒவ்வொன்றாக விடைபெறுவார். பார்க்க வந்தவர்கள் வெளியே போய் டீ குடித்து, வாசலில் பார்த்த பழைய பகையாளியோடு சமாதானமாகித் திரும்பி வந்தாலும் ராஜாவுக்கு உயிர் இருக்கும்.

திரை இழுப்பது என் வேலை. அவர் செத்தால்தான் நான் இழுப்பேன்; நான் இழுத்தால்தான் அவர் சாவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற நாட்களும் உண்டு.

இவ்வளவு பெரிய சாவை அவருடைய ஒரே மகள் பார்த்ததில்லை. அப்பா சாவதைக் குழந்தை பார்க்க வேண்டாம் என்று அவள் அம்மா இடைவேளையிலேயே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். வளர்ந்ததும் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போய்விட்டாள். அதனால், நாடகத்தைப் படமாக எடுக்கிறோம், ராஜா வேஷம் உங்களுக்குத்தான் என்று ஓர் இளம் இயக்குநர் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றபோது மச்சான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“என் பொண்ணு இருக்கிற ஊர்ல இந்தப் படம் ஓடுமா தம்பி?”

“ஓடும் சார்.”

“அப்ப சரி. ஒரு தடவையாவது நான் சாகிறத அவ பாக்கணும்.”

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “நல்ல ஆசைண்ணே. வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

படப்பிடிப்புக்கு நானும் துணைக்குப் போனேன். திறந்தவெளி, கூடாரம், குதிரை, படைவீரர்கள்.

“அம்பு வரும் சார், நீங்க விழணும். அவ்வளவுதான்,” என்றார் இயக்குநர்.

“வலிக்காதா?”

“வலிக்கும். சுருக்கமா வலிக்கட்டும்.”

மச்சான் சாகத் தொடங்கினார். வீரர்கள் போய்ச் சாப்பிட்டுக் கை கழுவி வந்தார்கள். எதிரி இளவரசனின் ஒட்டுமீசை காய்ந்து உதிர்ந்தது. நின்றிருந்த குதிரை உட்கார்ந்துவிட்டது. கேமராவின் பேட்டரி அவருக்கு முன்னால் உயிரை விட்டது. வேறு பேட்டரி போட்டார்கள். அதற்கும் அதே கதி.

இயக்குநர் என்னிடம் வந்தார். “ஐயா, மேடையில இவரை எப்படி நிறுத்துவீங்க?”

“திரையப் போட்டா செத்துருவார்.”

உடனே கூடாரத்தின் வாசல் துணியைக் கயிற்றில் கோத்து என் கையில் கொடுத்தார். மச்சானைக் கூடாரத்துக்குள் சாகவிட்டு, கேமராவையும் உள்ளே அவர் பக்கத்தில் வைத்தார். நான் இழுத்தேன். துணி மூடியது. மச்சான் அழகாகத் தலையைச் சாய்த்து உயிரை விட்டார். விட்டவர், மேடைப் பழக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். துணியை விலக்கி, கூட்டம் எப்படி என்று எட்டிப் பார்த்தார். கேமரா உள்ளே இருப்பதையே மறந்து, பின்பக்கமாக வெளியே நடந்தார். இயக்குநர் ‘கட்’ சொல்லவும் இல்லை.

படம் வந்தது. அதில் ராஜா செத்ததுபோல் நடித்து எதிரியை ஏமாற்றிவிட்டுக் கூடாரத்தின் பின்பக்கமாகத் தப்பிக்கிறார். காலங்காலமாகச் செத்துக்கொண்டிருந்த ராஜா பிழைத்துவிட்டார் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. தெருவில் போனால் மச்சானுக்குக் கைதட்டல். அவரோ என் வீட்டு நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“என்னைப் பிழைக்க வச்சுக் கெடுத்துட்டான் மாப்பிள்ளை.”

அன்று மாலை மகள் வீடியோவில் அழைத்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

“அப்பா, படம் பாத்தேன். இதுக்கா அம்மா என்னைத் தூக்கிட்டு ஓடினா? நீங்க சாகவே இல்லையே!”

“அது அவனுங்க பண்ண வேலை கண்ணு. நாடகத்துல நான் சுத்தமா செத்துருவேன்.”

“எனக்கெப்படித் தெரியும்? நான் பாத்தேனா?”

மச்சான் போனை என் கையில் திணித்தார். “ஆடாம பிடிங்க மாப்பிள்ளை.”

நடுக்கூடத்தில், கைலியும் பனியனுமாக, அம்பு பட்டது. தூண் இல்லாததால் பீரோவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். என் மனைவி விளக்குமாற்றோடு வந்தாள்.

“காலை எடுங்கண்ணே, பெருக்கணும்.”

ராஜா காலை எடுத்துக்கொண்டு முனகினார். போனுக்குள் மகள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் கழித்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள்.

“ஐயோ, வேலைக்கு நேரமாச்சுப்பா! மிச்சத்தை நாளைக்குச் சாகுங்க. நான் வராம செத்துராதீங்க.”

இப்போது தினமும் சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டில் கொஞ்சம் சாகிறார். அவள் பல் துலக்கிக்கொண்டே பார்க்கிறாள். நேற்று, “அப்பா, அந்த முனகலை இன்னொரு தடவை,” என்று கேட்டுவிட்டாள். மச்சான் எழுந்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, அம்பு படுவதிலிருந்து ஆரம்பித்தார்.