அண்ணி நிற்கும் வீடியோ

முதலாளியின் மேசைமேல் போனை வைத்துவிட்டு, நல்ல பிள்ளைபோல் கைகட்டி நின்றான் கொழுந்தன். அந்த மருந்துக் கிடங்குக்கு அவன்தான் சூப்பர்வைசர். போனில் அவனுடைய அண்ணி தெரிந்தாள், எல்லோரும் சேர்ந்திருக்கும் வீட்டுச் சமையலறையில், நைட்டியோடு, ஒற்றைக் காலில். அதே கிடங்கில் வேலை பார்க்கும் அண்ணிக்கு, எதிரே நின்று அதைப் பார்க்கையில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“பாருங்க சார். ஒத்தக் கால்ல, கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாங்க. ஏணி ஏற மட்டும் முடியாதாம். சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டுறேன்னு யாரும் என்னைச் சொல்லிடக் கூடாது பாருங்க.” சொல்லிக்கொண்டே விரலால் தொட்டு வீடியோவை நிறுத்தினான்.

அடப்பாவி! நல்ல பேர் வாங்க இவனுக்கு அவள் கால்தானா கிடைத்தது?

அவளுடைய வலது கணுக்கால் சொன்ன பேச்சைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. முதல்முறை பிசகியபோது தைலம், துணிக்கட்டு என்று ஒப்பேற்றிவிட்டு வேலைக்கு ஓடினாள். அப்புறம் சமதரையில் நடந்தாலே மடங்கியது. போன மாதம் கிடங்கு ஏணியில் கால் மடங்கி, அட்டைப்பெட்டிகளோடு கீழே வந்தாள். அதன் பிறகுதான் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனாள்.

“ஜவ்வு தளர்ந்து போச்சும்மா. பாதம் சாயறது காலுக்கே லேட்டாத்தான் தெரியுது. இதுக்குத் தைலம் போதாது, பயிற்சிதான்,” என்றார் அந்த அம்மா. ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். அந்தக் காலில் மட்டும் நின்று பழக வேண்டும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. கால் உறுதியாகும்வரை ஏணிப் பக்கமே போகக் கூடாது. முதலாளியும் சரியென்று அவளைப் பேக்கிங் மேசைக்கு மாற்றியிருந்தார்.

பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க அவள் என்ன மகாராணியா? பாத்திரம் கழுவும் இடத்திலேயே நின்று பழகினாள்.

“நல்லாத்தானேம்மா நிக்கிறீங்க?” என்றார் முதலாளி. “நாளைக்கே ஏணிக்குப் போயிடுங்க. முடியாதுன்னா நான் வேற ஆள்தான் பாக்கணும்.”

கொழுந்தன் அவசரமாகப் போனை எடுக்க வந்தான். அந்த அவசரம்தான் அவளை உசுப்பியது.

“ஏன் தம்பி பாதியில நிறுத்தினீங்க? மீதியும் ஓடட்டும்.”

“அதுல ஒண்ணுமில்ல அண்ணி.”

“ஒண்ணுமில்லன்னா ஓடட்டுமே!”

முதலாளியே தொட்டு ஓடவிட்டார். அண்ணியின் பாதம் வெடவெடவென்று ஆடி மடங்கியது. தட்டும் டம்ளரும் தடதடவென்று உருள, அவள் தரையில் விழுந்து “அம்மா!” என்று கத்தினாள். படம் பிடித்த போன் ஓர் அடிகூட முன்னால் வரவில்லை. வயிறு வலிக்கச் சிரிக்கும் சத்தம் மட்டும் வெகு பக்கத்தில் கேட்டது.

அன்று அந்தச் சிரிப்பை டிவியில் வந்தது என்றல்லவா நினைத்திருந்தாள்!

முதலாளி போனைத் தள்ளிவைத்தார். “டாக்டர் சொல்ற வரைக்கும் பேக்கிங்லயே இருங்கம்மா,” என்றவர், கொழுந்தன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வெளியே வந்ததும் அவன் பின்னாலேயே ஓடிவந்தான். “அண்ணி, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“நான் ஏன் சொல்லப்போறேன்?” என்றாள் அவள். “நீங்கதான் நல்லா படம் காட்டுறீங்களே. இன்னைக்கு அவர் சாப்பிட உக்காரும்போது நீங்களே காட்டுங்க. நிறுத்தாம காட்டுங்க.”