சன்னலோரத்து ஒற்றை நாற்காலி

பீளமேட்டுக் குறுக்குத் தெரு ஒன்றில், முன்பு உரக்கடை இருந்த கூடத்தைப் பிரெஞ்சு உணவகமாக மாற்றித்தரும் பொறுப்பு லாஸ்யாவுக்குக் கிடைத்தது. உள்ளலங்காரம் அவள் தொழில். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், சுவர்களில் ரசம் மங்கிய கண்ணாடிகள், பளிங்கு பதித்த வட்ட மேசைகள், பிரம்பு நாற்காலிகள், சன்னலின் கீழ்ப்பாதியை மட்டும் மறைக்கும் வெள்ளைத் திரைகள் என்று வரைபடம் நிறைந்தது. ஆனால் இவை எவற்றுக்கும் முன்னர் அவள் வரைந்தது, தெருவைப் பார்த்த சன்னலோரம் ஒரு சிறு மேசை. அதற்கு ஒரே ஒரு நாற்காலி.

மணமுறிவுக்குப் பிறகு அவள் தனியாகத்தான் உண்கிறாள். எந்த உணவகத்தில் அமர்ந்தாலும் தண்ணீர் வருவதற்கு முன்னரே கேள்வி வந்துவிடும்: "இன்னும் ஆளு வரணுங்களா?" இல்லை என்று சொன்னால், எதிரிலிருந்த தம்ளரை எடுத்துச் செல்லும் கையில் ஓர் இரக்கம். பசியோடு வந்தவரிடம், என்ன வேண்டும் என்று கேட்காமல் யாரோடு வந்தாய் என்று கேட்பது என்ன மரியாதை? அந்த மரியாதைக்கு அஞ்சியே பலமுறை பொட்டலம் வாங்கிப்போய், அடுக்களை மேடையருகே நின்றபடி உண்டு முடித்திருக்கிறாள். ஒரு வேலையாகப் புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, அங்கே ஒரு சிறிய பிரெஞ்சு உணவகத்தில், அலுவலகப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சன்னலோரம் தனியே அமர்ந்து சூப்பு அருந்துவதைக் கண்டாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நாற்காலியைத்தான் லாஸ்யா கோவைக்குக் கொண்டுவர விரும்பினாள்.

உரிமையாளர் திருமூர்த்தி கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு உடையவர். பாரிசுக்குச் சுற்றுலா போய்வந்ததிலிருந்து இந்த ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. வரைபடத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏனுங்க அம்மணி, இதென்னங்க ஒத்தச் சேரு? இன்னொண்ணு போட மறந்துபோட்டீங்களா?"

"இல்லீங்க. ஒருத்தர் வந்தா உக்கார்றதுக்குங்க."

"ஒருத்தரு எதுக்குங்க ஓட்டலுக்கு வாராரு? ஊட்டுல சண்டையா?" என்று சிரித்தார். "நம்ம சனம் பத்துப் பேரு சேராம காப்பி குடிக்கக்கூடப் போகாதுங்களே!"

தனக்காகத்தான் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "பிரெஞ்சுக்காரங்க அப்படித்தானுங்க உக்காருவாங்க" என்றாள்.

"அப்பச் சரிங்க. பிரெஞ்சுன்னு எறங்கியாச்சு, ஒரு சேருல என்னங்க கணக்கு!"

திறப்பு நாளன்று மாலை அவள் தனியே வந்தாள். நேராகச் சன்னலோரம் நடந்தாள். நாற்காலியின் முதுகில் கை படுமுன்னர்த் திருமூர்த்தி ஓடிவந்தார்.

"அய்யய்யோ, அங்கீங்களா? அது பிரெஞ்சுக்காரருக்கு வெச்சதுங்க. கடையையே செஞ்சு குடுத்தவிங்களை ஒத்தையில உக்கார வெப்பனுங்களா? வாங்க கண்ணு, நம்மூட்டு ஆளுகளோட உக்காருங்க."

அவள் அளந்து இடைவெளி விட்டுப் போட்ட வட்ட மேசைகளை ஒட்டிப்போட்டு அவருடைய சுற்றம் முழுவதும் அமர்ந்திருந்தது. நடுவில் இவளுக்கு இடம் விட்டார்கள். அவர் மனைவி ராசாத்தாள் வெங்காய சூப்பை இவள் பக்கம் நகர்த்தினார்.

"ஊட்டுக்காரரு வரலீங்களா அம்மணி?"

"இல்லீங்க."

"வேலையாட்ட இருக்குதுங்க" என்று அவரே விடையும் சொல்லிக்கொண்டார்.

பேச்சு தேங்காய் விலைக்கும், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போயிற்று. அவள் தேடித்தேடி வாங்கிய கண்ணாடிகளில் அந்தக் கூட்டம் இரு மடங்காகத் தெரிந்தது. தன் முகத்தை அதில் அவள் தேட வேண்டியிருந்தது. சன்னலோரத்து நாற்காலி மட்டும் எந்தக் கண்ணாடியிலும் விழாமல் காலியாக இருந்தது.

"அது எனக்கு வெச்சதுங்க" என்றாள் திடீரென்று.

"எதுங்க?" என்றார் திருமூர்த்தி.

"அந்த ஒத்தச் சேரு. பிரெஞ்சுக்காரங்கன்னு சொன்னது சும்மாங்க. தனியாச் சாப்பிடறவ நாந்தானுங்க."

திருமூர்த்தி சிரிக்கவில்லை. அவளது சூப்புக் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்திப்போய்ச் சன்னலோரம் வைத்தார். பழக்கத்தில் எதிரே போட இன்னொரு நாற்காலியை இழுத்தவர், பாதியில் நின்று, அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

லாஸ்யா அமர்ந்தாள். பரிமாறுபவர் வந்து, எதிரிலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். தொலைவிலிருந்து திருமூர்த்தி வேண்டாம் என்று தலையசைக்கவே, ஒரு தம்ளர் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

பின்னால், ஒட்டிப்போட்ட மேசைகளில் அவர்கள் இப்போது தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லிச்சொல்லிப் பழகிய 'இல்லீங்க' அவளது நாவின் நுனி வரை வந்து நின்றது. கேட்பார் இல்லை. திரைக்கு மேலே தெரிந்த தெருவைப் பார்த்தபடி அவள் கரண்டியை எடுத்தாள். சூப்பு ஆறியிருந்தது.