நாற்பத்திரண்டாம் கோப்பின் பட்டியல்

தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கணேசமூர்த்தியின் உத்தரவுகள் ஒரு வரியைத் தாண்டாது. அன்று காலை வந்த துண்டுச் சீட்டிலும் ஒரே வரிதான்: ‘இரும்பு அலமாரிக் கோப்புகள் எல்லாம், மூன்றாம் பிரிவுக் கிராணிகள், பார்க்கலாம்.’ மெர்டேக்காவுக்கு, மலாயாவின் சுதந்திர நாளுக்கு, இன்னும் ஒரு மாதம். துவான்கள் என்கிற வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை கட்டுகிறார்கள், அலமாரி கைமாறுகிறது.

மலாக்காவின் அந்த அரசு அலுவலகத்தில் ரகசியக் கோப்பு ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும், யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்று. அதில் இல்லாதவன் துவானுக்கே மாமனாராக இருந்தாலும் கோப்பைத் தொட முடியாது. பதினொரு வருடமாக அந்தப் பட்டியல்களை எழுதுகிற கிராணி ராஜரத்தினம்.

நாற்பத்திரண்டு அட்டைகளிலும் புது வரியை எழுதி முடித்துவிட்டு மனுஷன் கோப்பி குடிக்க உட்கார்ந்தார். பியூன் தியாகு எட்டிப் பார்த்தான்.

“தெரியுமா கிராணி? நம்ம சேதுபதிய இன்னையிலேருந்து மூணாம் பிரிவுக்கு மாத்திட்டாங்க.”

ராஜரத்தினம் கோப்பியை அப்படியே கீழே வைத்தார்.

சேதுபதியும் அவரும் காஜா பேராங் தெருவில் ஒரே வரிசை வீட்டுக்காரர்கள். சேதுபதியின் அண்ணன் ஜெயபாலன் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் அவனைப் பிடித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் காய்ச்சலில் செத்தான். காட்டிக்கொடுத்தது யார் என்று அவன் அம்மா எட்டு வருடமாக எதிர்ப்படுகிற எல்லாரையும் கேட்கிறாள். ராஜரத்தினத்தையும் கேட்டிருக்கிறாள், அவர் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

‘ஜெயபாலன் வீட்டில் கூட்டம் நடக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். போலீஸ் மிரட்டியது, வேலை போய்விடும் என்று பயந்தார், கொடுத்தார். அந்தக் காகிதம் நாற்பத்திரண்டாம் கோப்பில் இருக்கிறது. சேதுபதி அதைப் பார்த்தால் அவர் குடும்பம் தெருவில் தலைகாட்ட முடியாது. கிழித்தெறியவும் வழியில்லை, தாளுக்குத் தாள் எண் போட்டிருக்கிறது.

ஒரே வழிதான் இருந்தது. ஆளின் பெயரைச் சொல்லி எழுதிய வரி, பிரிவைச் சொல்லி எழுதிய வரியை வெட்டிவிடும். ஆனால் அதற்கு அலுவலகத் தலைவரான துவானின் சுருக்கக் கையெழுத்து வேண்டும். வருவது வரட்டும் என்று பேனாவை எடுத்தார். ‘சேதுபதி, பார்க்கக் கூடாது.’ பக்கத்தில் துவானின் இரண்டெழுத்தைத் தானே கிறுக்கினார். பழக்கதோஷத்தில் தேதியும் போட்டார்.

கால்மணி நேரத்தில் சேதுபதியே வந்து நின்றான், கையில் ஒரு நீள நோட்டு.

“பசியாறிட்டீங்களாண்ணே?”

“ஆச்சு தம்பி. எந்தக் கோப்பு வேணும்?”

“கோப்பு எதுக்குண்ணே? உள்ள இருக்கிறத யாரு படிக்கிறது. அட்டையில ஒட்டியிருக்கிற பட்டியலயெல்லாம் நகல் எழுதிட்டு வரச் சொன்னாரு பெரிய கிராணி.”

ராஜரத்தினம் கோப்புகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். தான் சும்மா இருந்திருந்தால் அவன் அந்தக் கோப்பைத் திறந்திருக்கவே மாட்டான்.

“நான் எழுதித் தர்றேன், நீ போ.”

“நீங்கதான் காலையிலேருந்து எழுதிக்கிட்டே இருக்கீங்களே. சும்மா உக்காருங்க.”

சேதுபதி ஒவ்வொரு அட்டையாக எடுத்தான், எழுதினான், வைத்தான். இருபது. முப்பது. ராஜரத்தினத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டில் பேனா நின்றது.

“இந்த ஒண்ணுல மட்டும் எம்பேரு இருக்கு.”

“துவான் உத்தரவு.”

“துவான் நேத்து காலையிலேயே கோலாலம்பூர் போயிட்டாருண்ணே. இதுல இன்னைக்குத் தேதி போட்டிருக்கு.”

இருந்த பதற்றத்தில் அது ராஜரத்தினத்தின் நினைவுக்கே வரவில்லை.

“எங்கண்ணனோட கோப்பா?” என்றான் சேதுபதி.

ராஜரத்தினம் கோப்பின் மேல் கையை வைத்தார். சேதுபதி கதவைச் சாத்தினான், நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தான். கோப்பை அவன் திறக்கவில்லை. திறந்திருந்தால் தேவலை என்று இருந்தது ராஜரத்தினத்துக்கு.

“கூடாதுன்னு எழுதியிருக்கு, நான் தொடமாட்டேன். ஆனா இந்த வரிய எழுதுனது நீங்க. எனக்கு மட்டும் எதை மறைக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உள்ள யாரு பேரு இருக்கு, நீங்களே சொல்லுங்கண்ணே.”

ராஜரத்தினம் கோப்பின் மேலிருந்து கையை எடுத்தார்.

“எம்பேருதான் தம்பி,” என்றார்.