கோட்டைத் தாண்டிய தளிர்

சுவருக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டடி அகல மண். காலை வெயில் அங்கே ஒரு மணி நேரம் மட்டும், சுருள் அவிழ்ந்த நாடாவைப்போல நீளமாக விழும்.

அந்த வெயிலில் ஒரு குட்டை இட்லிப்பூச் செடி. பந்துபோல் உருண்டை. பச்சைக்குக் குறைவில்லை. பூ மட்டும் இல்லை.

சொர்ணம் ரவிக்கை தைப்பவள். பாளையங்கோட்டையில் அவள் வெட்டிய கழுத்து கோணியதில்லை. சனிக்கிழமைதோறும் செடியையும் வெட்டினாள். ஒரு தளிர் வெட்டுக் கோட்டைத் தாண்டினாலும் கண்ணை உறுத்தும். கத்தரி அங்கே போய்விடும்.

இரண்டு ஆண்டுகள். எருவிட்டாள். மீன் கழுவிய நீரை ஊற்றினாள். மண்ணா? வெயிலா? எது போதவில்லை இதற்கு?

கணவர் ஆவுடையப்பனுக்கு அந்த இடத்தில் சிமெண்டு போட்டு இருசக்கர வண்டியை நிறுத்த வேண்டும். தெருவில் நனைந்தே துருப்பிடிக்கிறதாம். புரட்டாசி முடியும்வரை அவள் கெடு வாங்கினாள். அதற்குள் பூக்காவிட்டால் கொத்தனார் வரலாம்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. வெட்டுண்ட நுனி ஒன்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. இலைகளின் நடுவே கடுகளவு முடிச்சு. இது என்ன?

தையல் இயந்திரத்தின் விளக்கடியில் வைத்தாள். தையல் பிரிப்பதுபோல ஊசியால் பிரித்தாள். முடிச்சுக்குள் முடிச்சுகள். அத்தனையும் மொட்டுகள்.

தரையில் கிடந்த நுனிகளைப் பொறுக்கிப் பார்த்தாள். பலவற்றில் முடிச்சு. செடி தவறாமல் பூக்க வந்திருக்கிறது. தவறாமல் வெட்டியவள் அவள்.

கத்தரி பெட்டிக்குள் போயிற்று. செடி கோணியது. அவளுக்குக் கை துறுதுறுத்தது. மடித்துக் கட்டிக்கொண்டாள்.

“ஏட்டி, முடி வெட்டாத பரதேசி மாதிரில்லா நிக்கு. இதா பூக்கப் போவுது?”

“நிக்கட்டும். நுனியில என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க.”

ஆவுடையப்பன் பார்க்கவில்லை. ஆனால், மறுவாரம் அவருடைய மூக்குக்கண்ணாடி செடியருகே சுவர்மேல் கிடந்தது.

புரட்டாசியின் கடைசி நாள். மணலும் சட்டியுமாகக் கொத்தனார் வந்தார். நுனிகளில் சிவப்பு ஊசிகள் கொத்துக்கொத்தாக நின்றன. ஒன்றுகூட விரியவில்லை. சொர்ணம் வாக்குத் தவறுகிறவள் அல்லள். விலகி வழிவிட்டாள்.

மண்ணில் கால் வைக்கப்போன கொத்தனாரை ஆவுடையப்பனின் குரல் நிறுத்தியது.

“அங்கன மிதிச்சிராதீரும், ஓய். வாசப்படியில ஒரு சாய்வு போட்டுக் குடும். வண்டி உள்ள வந்துரட்டும்.”

இப்போது வண்டி, தையல் இயந்திரத்தை இடித்துக்கொண்டு கூடத்தில் நிற்கிறது.

வெளியே, இரண்டடி மண்ணில், காலை வெயில் நாடாவைப்போல விழுகிறது. அதில் செடியின் ஓரம் கோணல். கோணல் முழுவதும் சிவப்பு.