தள்ளு பிரேக்

புது வண்டி யார்டுக்குள் வந்த அன்று அங்கே வேலை ஒன்றும் நடக்கவில்லை. வெல்டர் முதல் வாட்ச்மேன் வரை ஆளாளுக்கு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரை ஓர் உதை உதைத்து, "இழுக்குமா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். டயரை உதைத்தால் வண்டி என்ன பதில் சொல்லும் என்பது எபினேசருக்கு இந்த முப்பது வருஷத்தில் விளங்கியதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்ப்ரஸர் வாடகைக்கு விடுகிற கம்பெனி அது. நான்கு சக்கர டிரெய்லரின்மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய டீசல் கம்ப்ரஸர்கள் மூன்று. எந்தத் தொழிற்சாலையில் துரு சுரண்ட வேண்டுமோ, எங்கே பைப்புக்குக் காற்றடிக்க வேண்டுமோ, அங்கே இழுத்துக்கொண்டு போய் விட வேண்டும். இத்தனை காலமும் ஒரு டிராக்டர் இழுத்தது. ஒரு நாளைக்கு ஓர் இடம் போய் வந்தாலே அதற்குப் பெரிய காரியம். பிக்கப் என்றால் மூன்று இடம் போகலாம் என்று முதலாளி யோசித்து, முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் தொட்டியுமாக நடுத்தர சைஸில் புதிதாக வந்த வண்டியை வாங்கிவிட்டார். வாங்கின பிறகு, "எபினேசர் பார்த்து ஓகே சொல்லட்டும்" என்றார். தாலி கட்டின பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான்.

வண்டி விஷயத்தில் எபினேசர் சொன்னால் சொன்னதுதான் என்று யார்டில் ஒரு பேர் உண்டு. சர்க்கரை வந்து கண் மங்கியதிலிருந்து இரண்டு வருஷமாக அவர் ரோட்டில் வண்டி எடுப்பதில்லை. டிரெய்லர்களைப் பார்த்துக்கொண்டு யார்டிலேயே இருக்கிறார். மேனேஜர் திலகவதி டிரயல் படிவத்தை அவர் கையில் கொடுக்கும்போதே சேதியையும் சேர்த்துக் கொடுத்தார்.

"எபி அண்ணா, நீங்க ஓகேன்னு எழுதிட்டா டிராக்டர வித்துடறோம். பிக்கப்புக்கு உங்க மருமவன்தான் டிரைவர். கம்பெனி ரோல்லயே பர்மனென்டாப் போட்டுடறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எபினேசர் ஒன்றரை வருஷமாக அந்த மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மருமகன் பரத் நல்ல பையன், நல்ல டிரைவர். ஆனால் ஏழு வருஷத்தில் ஒன்பது கேட் பார்த்துவிட்டான். சிப்காட்டில் காண்டிராக்ட் ஆளை வருஷம் முடிவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். பிறகு வேறு கேட்டில் புதிதாகப் போய் நிற்க வேண்டும். மகள் ஷைனிக்கு ஐந்தாவது மாதம். செல்போன் பாகம் பூட்டும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை அவளுக்கு. மனைவி போன பிறகு எபினேசர் மகள் வீட்டில்தான் இருக்கிறார். அவள் கால் வீங்கி வந்து உட்காருவதைத் தினம் பார்க்கிறார். வண்டி நல்ல வண்டியாக இருக்க வேண்டும் என்று அவரைவிட யார் ஆசைப்பட்டிருக்க முடியும்?

வண்டியும் நல்ல வண்டிதான். அவர் கீழே படுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் பட்டைகள் கனம், சேஸிஸ் கனம், கொக்கி பூட்டும் இடத்தில் வெல்டிங் சுத்தம். புது மாடல் என்பதால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் என்ன ஏது என்று சொல்ல ஊரில் ஆள் கிடைக்காது, மெட்ராசுக்குத்தான் ஓட வேண்டும். அது ஒரு பேஜாருதான், ஆனாலும் உயிர் போகிற பேஜாரு இல்லை. ஷோரூம் ஆள் டீசல் இல்லாத காலி கம்ப்ரஸரைக் கட்டி யார்டுக்குள்ளேயே இரண்டு வட்டம் அடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிருந்தான். எபினேசர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. டீசல் முழுக்க நிரப்பி, ஹோஸ் சுருள்களையும் மணல் டப்பாவையும் ஏற்றி, எடை மேடையில் நிறுத்தினார். இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோ.

"ஏறு மாப்ள, கவரப்பேட்டை பாலம் ஏறி எறங்கி வந்துடலாம்" என்றார். பரத் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேம்பாலம் ஏறும்போது, ஏறுகிறோம் என்பதே தெரியவில்லை. டிராக்டர் மூச்சு வாங்கி முக்கி முனகும் இடத்தில் இந்த வண்டி பேச்சுச் சத்தத்தைக்கூட மறைக்கவில்லை. பரத் பல்லைக் காட்டிச் சிரித்தான். எபினேசருக்கும் சிரிப்பு வந்தது. கர்த்தர் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நிஜமாகவே நினைத்தார்.

இறக்கத்தில் அந்த நினைப்பு போயிற்று. பாலத்தின் காலடியில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றத் திடுமென நின்றது. பரத் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கப் பார்த்தது; பின்னால் வந்தது நிற்க விடவில்லை. முதுகில் யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளின மாதிரி இருந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் இடப்பக்கம் ஒதுங்கியது. ஆட்டோவுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது நின்றது. ஆட்டோவின் பின்சீட்டில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை இவர்களைத் திரும்பிப் பார்த்தது.

"செம்ம வண்டி மாமா! பாத்தியா, நின்னுச்சு!" என்றான் பரத்.

எபினேசர் ஓரம் கட்டச் சொன்னார். இறங்கிப் போய், டிரெய்லரின் இழுவைத் தண்டுக்குப் பக்கத்தில் குந்தினார். அங்கே நான்கு போல்ட் ஓட்டைகள் காலியாக, துருப்பிடித்து இருந்தன. அங்கே என்ன இருந்தது என்பது இன்றைக்கு யார்டில் அவர் ஒருவருக்குத்தான் நினைவிருக்கும். கழற்றினவர் அவர்தான்.

யார்டில் அதற்குத் தள்ளு பிரேக் என்று பேர். முன்வண்டி வேகம் குறைந்தால் பின்னால் வருவது முட்டும். அந்த முட்டு ஒரு கம்பியைத் தள்ள, அது டிரெய்லரின் சக்கரத்திலேயே பிரேக்கைப் பிடிக்கும். வெள்ளைக்காரன் மூளை. ஆனால் ரிவர்ஸ் எடுத்தாலும் அதே முட்டுத்தானே? அப்போதும் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கச் செருகுகிற ஊசி ஒன்று இருந்தது, அது தொலைந்துபோயிற்று. தொழிற்சாலைக்குள் இண்டு இடுக்கில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் சக்கரம் பூட்டிக்கொண்டு உயிரை வாங்க, எபினேசர் முதலில் அதைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினார். பிறகு அதுவும் தொல்லை என்று மூன்று டிரெய்லரிலும் அடியோடு கழற்றி ஸ்கிராப்பில் போட்டார். பதினோரு வருஷம் ஆயிற்று. டிராக்டர் ஆமை வேகத்தில் போகும், தன் கனத்திலேயே நிற்கும், அது வேண்டியிருக்கவில்லை. "எபி அண்ணா மூளையே மூளை" என்று அன்று எல்லோரும் பாராட்டினார்கள். அவரும் சந்தோஷப்பட்டார்.

அவர் நேரே திலகவதியிடம் போனார். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்து, இழுவை எடை போட்டிருந்த பக்கத்தின் பொடி எழுத்தைக் காட்டி, கண் சரியில்லை, படித்துச் சொல்லுங்கள் என்றார். திலகவதி படித்தார். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் மூவாயிரம் கிலோ. பிரேக் இல்லாதது என்றால் எழுநூற்றைம்பது.

"நம்மளதுல பிரேக் இல்ல மேடம்."

"ஏன் இல்ல?"

"நான்தான் கழட்டினேன்."

திலகவதி புத்தகத்தை மூடிவைத்தார். கெட்ட பெண்பிள்ளை இல்லை அவர். "இத வெளிய சொல்லாதீங்கண்ணா. கம்பெனி சாமான ஸ்கிராப்ல போட்டேன்னு நீங்களே வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க" என்றார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டார். லேத் பட்டறையில் கொடுத்துப் புதிதாகச் செய்துவிடலாம், மூன்று வாரம் கொடுங்கள் என்று எபினேசர் பக்கத்தில் நின்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு திலகவதி சொன்னார்: "திங்கக்கெழமையிலேர்ந்து தெனம் மூணு சைட்டுக்கு ஒத்துக்கினாராம். மூணு வாரம் நிறுத்த முடியாதுன்றாரு. பதினோரு வருஷமா பிரேக் இல்லாம ஓடலியா, இப்ப இன்னா புதுசான்னு கேக்கறாரு."

"அப்ப இழுத்தது டிராக்டரு மேடம்."

"மெதுவா ஓட்டச் சொல்லுங்களேன்."

"மெதுவா ஓட்டினா மூணு சைட்டு எப்பிடி மேடம் போறது?"

அந்தக் கணக்கை முதலாளி போட்டுப் பார்த்திருக்கமாட்டார். யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தான் என்று சும்மாவா சொன்னார்கள்! எபினேசர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். இழுவைத் திறன், இன்ஜின், கிளட்ச், கியர் என்று வரிசையாகக் கேட்டிருந்தது. நிற்குமா என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. எல்லாவற்றிலும் நன்று, நன்று என்று உண்மையை எழுதிக்கொண்டே வந்தவர், ஓரத்து வெள்ளையில் 'நிக்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திலகவதி அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது இல்லாம மருமவனுக்கு ஆர்டர் போட முடியாதுண்ணா. ஏஜென்சிலேர்ந்து வேற டிரைவர் வந்தாலும் இதே வண்டிதான், இதே டிரெய்லர்தான். யோசிச்சுக்குங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் பரத் சாப்பிடவே உட்காரவில்லை.

"ஊரே ஓகேன்னுது, உனுக்கு மட்டும் இன்னா மாமா? எனுக்கு வேல கெடைக்கறது புடிக்கலியா?"

"டேய், உன் உசுருக்குத்தாண்டா சொல்றேன்."

"நின்னுச்சுல்ல? நீயும் பக்கத்துலதான குந்திக்கினு இருந்த? கண்ணு தெரியாம நீ பயந்துக்கினா அதுக்கு வண்டி இன்னா பண்ணும்?"

அறைந்தமாதிரி இருந்தது எபினேசருக்கு. பிரேக்கை யார் கழற்றினது என்பதையும் சொல்லிவிட்டார். சொன்னால் நம்புவான் என்று நினைத்தார். அதைக் கேட்டதும் பரத்துக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயே வேணாம்னு கழட்டிப் போட்டது. இப்ப நீயே வேணும்ன்ற. போ மாமா" என்றான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவர் வினை வேறு யாரையோ அல்லவா சுடப் பார்க்கிறது? எபினேசர் மகளைப் பார்த்தார். ஷைனி இரண்டு காலையும் ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எழுதிக் குடுத்துடுப்பா. அவரு பாத்து ஓட்டுவாரு."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை பரத்தே போய், டிரயல் பார்த்தவர் என்ற இடத்தில் தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். திலகவதி அந்தத் தாளிலேயே முத்திரை குத்தினார். திங்கட்கிழமை பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு பிக்கப் கிளம்பியது. பின்னாலேயே கம்ப்ரஸர் ஆடி அசைந்து போயிற்று. டிராக்டரை ஆரம்பாக்கத்துக்காரர் ஒருவர் அன்றே ஓட்டிக்கொண்டு போனார்.

ஒன்றும் ஆகவில்லை. எபினேசரை உள்ளே அரித்தது அதுதான். திங்கள் ஒன்றும் ஆகவில்லை, செவ்வாய் ஒன்றும் ஆகவில்லை. முதல் நாள் பரத் முப்பதில் போனான். அவனுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது, சொல்லவில்லை. வியாழக்கிழமை நாற்பத்தைந்து. மறு வாரம், "அறுவதுல போனேன் மாமா, ஒண்ணும் ஆவல, இன்னும் போவலாம் போலக்கீது" என்று போனில் உற்சாகமாகச் சொன்னான். கோபமெல்லாம் போய், மாமனாரைத் தேற்றுவதாகத்தான் அவனுக்கு நினைப்பு. ஒவ்வொரு நாளும் அவன் பத்திரமாக வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்த ஒவ்வொரு நாளும் எபினேசர் சொன்னது ஒரு படி பொய்யாயிற்று. அவன் வேகம் ஒரு படி ஏறிற்று. யார்டில் பையன்கள், "இன்னா நைனா, நிக்காதுன்ன?" என்று கிண்டலடித்தார்கள். லேத் பட்டறையில் பிரேக்குக்கு விலை கேட்டு அவர் வாங்கிவந்த சீட்டை திலகவதி வாங்கி வைத்துக்கொண்டார். நாலாவது வாரம் முதலாளி நாலு சைட்டுக்கு ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பரத்துக்கு டியூட்டி இருந்தது. எபினேசர் ஷைனியோடு கோயிலுக்குப் போனார். ஜெப நேரத்தில் எல்லோரும் மண்டியிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அவரும் மண்டியிட்டார். கர்த்தாவே, அவனைக் காத்தருளும் என்றுதான் ஆரம்பித்தார். இந்த நாலு வாரமும் காத்தாரே, காக்கக் காக்கத்தானே அவன் வேகமாகப் போகிறான் என்று தோன்றியதும் ஜெபம் பாதியில் நின்றது. பிறகு தனக்கே கேட்காத குரலில் கேட்டார்: "ஒரு சின்ன அடி, ஆண்டவரே. உசுருக்கு ஒண்ணும் ஆவாம, கை காலுக்கு ஒண்ணும் ஆவாம, அவன் பயப்படற அளவுக்கு ஒரே ஒரு சின்ன அடி."

கண்ணீர் தாடையில் இறங்கிற்று. பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்த ஷைனிக்கு வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தன் புருஷனுக்காக அழுது ஜெபிக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஆமென்" என்றாள்.